எடுத்த பிறகும் அசைந்தது

கருப்பையை எடுத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். காலை வெயில் சன்னல் வழியாகத் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது என் அடிவயிற்றுக்குள் ஏதோ புரண்டது.

வலி இல்லை. இரண்டு பிள்ளைகளைச் சுமந்து பெற்றவள் நான். ஐந்தாம் மாத வாக்கில் முதன்முதலாக உள்ளே ஒரு மீன் வாலைத் தட்டுவது மாதிரி இருக்கும். அதே அசைவு. கத்தியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடதுபுறமாக, தூக்கத்தில் திரும்பிப் படுப்பதுபோல் மெதுவாக மறுபடியும் வந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கூடத்திலிருந்து கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. வெங்காயம்" என்றேன்.

கண்ணில் நீர் வந்திருந்ததால் அவரும் நம்பிவிட்டார்.

மாதவிடாய் நின்று சில வருடங்கள் கழித்து எனக்கு ஒரு நாள் உதிரம் பட்டது. அப்படித்தான் எல்லாம் தொடங்கியது. சோதனை, ஸ்கேன், கருப்பைப் புற்றுநோய் என்ற பதில், அறுவை. கருப்பை, சினைப்பைகள், அவற்றைச் சுற்றியிருந்த சில நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எடுத்தாயிற்று, இனித் தேறி வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். என் கணவர் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழுதான பாகத்தைக் கழற்றினால் பழுது போயிற்று என்பது அவருடைய கணக்கு.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் சொல்லும் வேலை. அந்த வேலையில் 'அவர் சொல்கிறார்' என்ற பேச்சே கிடையாது. கூண்டில் நிற்பவர் "நான் அடிக்கல" என்றால் நானும் "நான் அடிக்கவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருடைய 'நான்' என் வாய் வழியாகப் போயிருக்கிறது. மாலையில் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அதெல்லாம் இறங்கிவிடும். யாருடையதும் என்னோடு வீட்டுக்கு வந்ததில்லை.

அறுவைக்குப் பிறகான முடிவுகளைச் சொல்லப் புற்றுநோய் மருத்துவர் கூப்பிட்டிருந்தார். என்னைவிட இளையவர், பொறுமையான பெண்மணி. ஒரு தாளில் கருப்பையின் படம் வரைந்து, சுவரின் தடிமனைக் காட்டி, கட்டி அதில் பாதியைத் தாண்டி உள்ளே போயிருந்தது என்றார். கணுக்களில் ஒன்றுமில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் எங்காவது தங்கியிருக்கலாம். தையல் போட்ட இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையில், அது திரும்பி வர ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதற்கு வழிகள் உண்டு என்றார். ஒன்றும் செய்யாமல் தவறாமல் பரிசோதனைக்கு வந்துகொண்டிருப்பது ஒன்று. அந்த இடத்துக்கு மட்டும் உள்ளிருந்து கதிர்வீச்சு கொடுப்பது இன்னொன்று. இடுப்புப் பகுதி முழுவதற்கும் வெளியிலிருந்து வாரக்கணக்கில் கதிர்வீச்சு கொடுப்பது மூன்றாவது. அதில் பாதுகாப்பு சற்றுக் கூடும், ஆனால் குடலும் சிறுநீர்ப்பையும் படும் பாடும் கூடும். கீமோ என்ற மருந்து என் அளவில் தேவைப்படாது.

அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச என் தலைக்குள் ஒரு குரல் அதைத் தமிழாக்கிக்கொண்டே வந்தது. என்னுடைய நீதிமன்றக் குரல். 'உங்களுக்குப் புற்று மறுபடி வரலாம், அம்மா. உங்களுக்கு மூணு வழி இருக்கு.' இதை யாருக்குச் சொல்கிறேன்? எனக்கு ஆங்கிலம் தெரியும். குரல் என் இடதுபக்கம் பார்த்துப் பேசியது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கணவர் வலதுபக்கம் இருந்தார். அந்தக் காலி நாற்காலியில் ஒருத்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு எனக்கு விடவே இல்லை.

வெளியே வந்தபோது முகப்பில் இருந்த சீனத் தாதி அடுத்த தேதியைக் குறித்துக்கொடுத்துவிட்டு, "உங்க அக்கா முன்னாடியே போயிட்டாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எந்த அக்கா?"

"எப்பவும் உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்களே."

எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதைச் சொன்னேன். தாதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார். மின்தூக்கியில் கணவர் சிரித்தார். "அவங்களுக்கு இந்தியப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரி தெரியும் லா. விடு." நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரை என் இடதுபக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாள்கள் நன்றாக இல்லை. கணவர் மூன்றாவது வழிதான் என்று ஒரே பிடியாக நின்றார். "எது ஸ்ட்ராங்கோ அத செஞ்சுட்டுப் போயிரலாம். திரும்ப வந்தா யாரு பாக்குறது?" பெர்த்திலிருந்து மகள் கூப்பிட்டு, நடுவழிதான் சரி, படித்துப் பார்த்தேன் என்றாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. யோசிக்க உட்காரும்போதெல்லாம் அது அசைந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிட்டபோது அசைந்தது. பேருந்து வளைவில் திரும்பியபோதும், வெந்நீரில் குளித்தபோதும் அசைந்தது. மகள் தொலைபேசியில் சிரித்த ஒரு முறை, அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது மாதிரியே அசைந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கருப்பை இல்லாதவள் வயிற்றில் பிள்ளை அசைகிறது என்றால் என்னை வேறொரு மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது கணவர் கோப்பி வாங்கக் கீழே போய்விட்டார். நான் வரிசை எண் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபக்கம் நாற்காலி அழுந்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தைரியம் வரவில்லை. பிறகு திரும்பினேன்.

ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். பாக்குநிறச் சேலை, அதன் மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, காலில் காலுறையும் செருப்பும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். "உங்களுக்கும் உள்ள அசையுதா?"

வயிற்றின் மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்தேன். அவர் தானாகவே தொடர்ந்தார்.

"நீங்க கைய வக்கிற எடத்தப் பாத்தேன். நானும் அங்கதான் வப்பேன். போன தடவையும் பாத்தேன், அதுக்கு முந்தியும் பாத்தேன். நீங்க தமிழ் பேசுறது காதுல விழும்னு வந்து பக்கத்துல ஒக்காந்துக்கிருவேன். பேசத்தான் கூச்சமா இருந்துச்சு."

ஆக, அந்தத் தாதி பார்த்தது இவரைத்தான். என் பயத்தில் பாதி அங்கேயே இறங்கியது. மற்றப் பாதி, அவர் கேட்ட கேள்வியால் ஏறிக்கொண்டது.

"அசையுதுக்கா" என்றேன். முதன்முதலாக ஓர் ஆளிடம் சொன்னேன்.

அவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆங் மோ கியோவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தவர். வந்த இடத்தில் உதிரம் பட்டு, என்னைப் போலவே அறுவையாகிவிட்டது. மகன்தான் ஒவ்வொரு முறையும் கூட வந்து மருத்துவர் சொல்வதைச் சொல்கிறான். "அவன் என்னத்தம்மா சொல்லுவான்? பாதியச் சொல்லுறதுக்குள்ள காது செவந்து போகுது அவனுக்கு. நான் கேக்க வேண்டியத அவங்கிட்ட எப்புடிக் கேக்குறது?" என்றார்.

கேட்க வேண்டியது என்னவென்று கேட்டேன். சொன்னார். இந்த மகனுக்கு முன்னால் அவருக்கு ஒரு பிள்ளை தங்கியிருந்தது. ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று அசைவு நின்றுபோனது. அடங்கிக் கிடக்குது, நல்ல பிள்ளை என்று வீட்டில் சொன்னார்களாம். செத்துத்தான் பிறந்தது. ஆணா பெண்ணா என்றுகூட அவருக்குக் காட்டவில்லை.

"அதுதான் இப்ப எந்திரிச்சிருக்கு" என்றார்.

எதிரே தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இருந்தது. என்னை அதிகம் கலங்கவைத்தது அதுதான்.

அவருடைய எண் திரையில் வந்தபோது மகனும் வந்து சேர்ந்தான். வேலையிடத்து அட்டை கழுத்தில் தொங்கியது. நான் யார் என்று சொல்லி, அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்டேன். அவன் முகத்தில் எவ்வளவு ஆறுதல்! "ப்ளீஸ் ஆன்ட்டி. அம்மா எங்கிட்ட ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாங்க" என்றான். வெளியே உட்கார்ந்துகொண்டான். உள்ளே இருந்தவர் என் மருத்துவரேதான். அவர் சற்று யோசித்தார். அந்த அம்மாவிடமே சம்மதமா என்று என் மூலம் கேட்டார். அம்மா தலையாட்டினார்.

அவருடைய நிலை என்னுடையதைவிட மோசம். கணுக்கள் வரை போயிருந்தது. முதலில் கீமோ, அது முடிந்ததும் இடுப்புக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு என்பதுதான் மருத்துவர் சொன்ன யோசனை. உடம்பு தாங்காது என்றால் இரண்டில் ஒன்று. எதுவும் வேண்டாம் என்றாலும் அவர்கள் கைவிட மாட்டார்கள், ஆனால் நோய் திரும்பி வரக்கூடிய வாய்ப்பு அதிகம். முடி உதிரும், திரும்ப முளைக்கும். கை கால் விரல்கள் மரத்துப்போகலாம். நான் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். முன்பு என் நினைப்பில் காலி நாற்காலியில் இருந்தவள் பிடித்துக்கொண்டிருந்த அதே மாதிரி.

பிறகு அவர் பேசினார். நான் பழக்கப்படி 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என் வயித்துல என் பிள்ளை இருக்கு. ரொம்ப வருசத்துக்கு முந்தி நின்னு போனது. இப்ப அசையுது. இந்த மருந்த ஏத்துனா அது மறுபடி செத்துருமா?"

என் குரலில், என் வாயில் அந்த வார்த்தைகள் வந்தபோது என் அடிவயிற்றுக்குள் அது புரண்டது. மருத்துவர் அந்த அம்மாவைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். சில நொடிகள் அவர் யாருடைய கேள்வி இது என்று குழம்பியது தெரிந்தது. எனக்கே அது தெரியவில்லை.

மருத்துவர் நாற்காலியை அந்த அம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கருப்பையை எடுத்தபின் அந்த இடம் வெறுமையாக இருக்காது, குடல் இறங்கி வந்து அங்கே அமர்ந்துகொள்ளும் என்றார். குடல் எப்போதும் அசைந்துகொண்டிருப்பது. அறுவையில் அறுபட்ட நரம்புகள் ஆறும்போது பழைய செய்திகளையே அனுப்பும். பிள்ளை பெற்ற பெண்கள் சிலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். "உங்களுக்குப் பைத்தியம் இல்ல. ஆனா அங்க பிள்ளை இல்லம்மா." நான் அதைத் தமிழில் சொன்னபோது, கடைசி வாக்கியத்தில் மட்டும் குரல் பிசிறியது.

அம்மா என்னைக் காட்டி, "அப்ப இவுங்களுக்கு அசையிறதும் குடலுதானா?" என்றார்.

அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். "அப்போது எனக்கு" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். அப்புறம் சொன்னேன். "இவங்க என்னப் பத்திக் கேக்குறாங்க, டாக்டர். எனக்கும் அசையுது."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கும் அதேதான். இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று மெல்லக் கேட்டார்.

அம்மா கீமோவுக்கு ஒத்துக்கொண்டார். கதிர்வீச்சைப் பிறகு பார்க்கலாம் என்றார். எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "அதுக்கு வலிக்காதுல்ல?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. வலிக்காது என்று நானே சொன்னேன்.

அன்றைக்கே நானும் முடிவெடுத்தேன். நடுவழி. உள்ளிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு. அணுக்கள் தங்கக்கூடிய இடம் எதுவோ அங்கே மட்டும் போகட்டும், மீதி உடம்பை விட்டுவிடட்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் முணுமுணுத்தார். பிறகு மருத்துவரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, "சரி, உன் உடம்பு" என்றார்.

கதிர்வீச்சு அறைக்கு சன்னல் கிடையாது. சுவரைவிடத் தடிமனான கதவு. படுக்கவைத்து, வழவழப்பான உருளை ஒன்றை உள்ளே பொருத்தி, ஒரு குழாயால் இயந்திரத்தோடு இணைத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியாகப் போன இளம்பெண், "கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், பேசினால் கேட்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடிய சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில்தான் விழுந்தது.

இயந்திரம் டிக் டிக்கென்று எண்ணத் தொடங்கியது. கம்பி நுனியில் ஒரு சின்ன உலோகப் பொட்டு குழாய் வழியாக எனக்குள் வந்து, நின்று, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நிற்கும் என்று முன்பே விளக்கியிருந்தார்கள். அதை உணர முடியாது என்றும் சொல்லியிருந்தார்கள். உண்மைதான், அதை நான் உணரவில்லை. மற்றதைத்தான் உணர்ந்தேன். அது அசைந்தது. டிக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே, தொப்புளுக்குக் கீழே வரை, வெளிச்சத்திலிருந்து ஒதுங்குவதைப்போல ஒதுங்கி ஒதுங்கிப் போனது. குடல், குடல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீதிமன்றக் குரல் அதை மொழிபெயர்க்க மறுத்தது.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண் கேட்டாள், "ஆன்ட்டி, ஓகேயா? யார்கிட்டயாவது பேசுறீங்களா?"

நான் வாயைத் திறந்ததாகவே எனக்கு நினைவில்லை.

"இல்ல, செபம் சொல்றேன்" என்றேன்.

அடுத்தடுத்த முறைகளில் அவ்வளவு பயம் இல்லை. சோர்வு இருந்தது, சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்தது. மாலையில் கணவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கதிர்வீச்சு முடிந்த சில வாரங்களில் அசைவு குறைந்து, எப்போது நின்றதென்று கவனிக்காமலே நின்றுபோனது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பல நாள் காலையில் கண் விழித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாமல்.

அந்த அம்மா கீமோ எடுத்துக்கொண்டபோது அவ்வப்போது தொலைபேசியில் பேசினார். வாய்ப்புண், வாந்தி, சோற்றின் வாசனையே ஆகவில்லை என்பார். ஒரு நாள், "நின்னுபோச்சும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கதிர்வீச்சுக்கும் சம்மதித்து அதையும் முடித்தார். ஊருக்குப் போகுமுன் ஒரு சனிக்கிழமைக் காலை தேக்கா சந்தையில் சந்தித்தோம். மகன் பெட்டியில் கட்ட சாக்லேட் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தான். தலையில் துணி சுற்றியிருந்தார். மெலிந்து, பாதியாகியிருந்தார். மீன்கடைகளுக்கு எதிரே, ஈரத் தரையில், ஆள்கள் இடித்துக்கொண்டு போகும் இடத்தில் நின்று என் கையைப் பிடித்தார்.

"நீங்களே பாருங்க" என்று கையைச் சேலைக்கு மேலாகத் தன் அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லல்ல? மருந்துல எனக்குக் கை மரத்துப் போச்சு. எனக்குத் தெரியமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

வயிறு சுருங்கி, சேலைக் கொசுவம்தான் கனமாக இருந்தது. கறிக்கடைக்காரர் கத்தியை இறக்கினார், யாரோ பேரம் பேசினார்கள். நான் கையை எடுக்கப் போனேன். அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே, மிகத் தெளிவாக, ஒரு சிறிய முழங்கை அளவுக்கு எதுவோ எழும்பி, என் விரல்களின் நீளத்துக்குத் தடவிக்கொண்டு போய், அடங்கியது.

குடல் என்ன செய்யும் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். நான்தான் அதைத் தமிழில் சொன்னவள். அப்படியும் என் கழுத்து மயிர் நட்டுக்கொண்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். என் கையை விட்டுவிட்டு, "அப்ப அது போய்ச் சேந்துருச்சு" என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஊருக்குக் கொண்டுபோக நல்ல கோடாலித் தைலம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கூட்டிப் போய்க் காட்டினேன்.

இப்போது புதுக்கோட்டையில் இருக்கிறார். அங்கேயே மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறார், இதுவரை ஒன்றும் திரும்பி வரவில்லை. முடி முளைத்துவிட்டதாம், முன்பைவிடச் சுருட்டையாக. எனக்கும் ஒவ்வொரு பரிசோதனையும் நல்லபடியாகவே போகிறது. வேலைக்குத் திரும்பிவிட்டேன். போன மாதம் அவர் கூப்பிட்டபோது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யாக்கன்று நட்டிருப்பதாகச் சொன்னார். ஏதோ பெயர் வைத்து அதைக் கூப்பிட்டார். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை.